ஒரே வாசிப்பில் புரியும்படி எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு சின்னச் சோதனை. கீழே இருக்கும் வாக்கியத்தை ஒருமுறை மட்டும் படியுங்கள், பாதியில் நின்று திரும்பிப் போகாதீர்கள்.

"கடந்த வாரக் கூட்டத்தில் பேசப்பட்ட, உறுப்பினர்கள் பலரும் ஏற்கெனவே எழுத்துமூலம் தெரிவித்திருந்த, நூலகத்தின் வாசிப்பு அறையை மாலை நேரத்தில் கூடுதலாக இரண்டு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நிர்வாகம் பரிசீலித்து, ஊழியர்களின் பணி நேரத்தையும் கருத்தில் கொண்டு, நிராகரித்தது."

இலக்கணப்படி இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் 30 சொற்களைத் தலையில் சுமந்துகொண்டு 31-ஆவது சொல்லுக்கு வந்த பிறகுதான் என்ன நடந்தது என்றே தெரிகிறது. அதுவரை கோரிக்கை ஏற்கப்பட்டதாகக்கூட நீங்கள் நினைத்திருக்கலாம், நினைத்திருந்தால் அது உங்கள் தவறும் இல்லை. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, அதனால் வாக்கியம் நீள நீள வாசகர் காத்திருக்கும் நேரமும் நீள்கிறது.

மனித மூளை அப்படி அதிகமாகச் சுமக்காது. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய கட்டுரையில், ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திக்கொள்ளக் கூடிய துண்டுகளின் எண்ணிக்கையைச் சுமார் ஏழு என்றார், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். பிறகு நெல்சன் கோவன் என்ற ஆய்வாளர் 2001-ல் அதையும் குறைத்துச் சுமார் நான்கு என்றார். நான்கோ ஏழோ, நம் வாக்கியங்கள் கேட்பது அதைவிட அதிகம்.

தெளிவாக எழுதுவது என்பதை நான் இந்தச் சுமையை வைத்துத்தான் பார்க்கிறேன். வாசகர் படித்துக்கொண்டே வரும்போது அவர் கையில் எத்தனை பொருள்களைக் கொடுத்து "இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் சொல்கிறேன்" என்கிறோம்? அதைக் குறைத்தால் அவருக்குப் புரியும், களைப்பும் வராது, களைப்பு வராததால் கடைசிவரை கூடவே வருவார். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எழுதுவதற்கு முன் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

"எல்லோருக்கும் புரியும்படி எழுத வேண்டும்" என்று ஆரம்பித்தால் யாருக்கும் புரியாமல் போகிற ஆபத்து அதிகம். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு நபரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் புத்திசாலி, ஆனால் இந்த விஷயம் மட்டும் அவருக்குத் தெரியாது. அப்புறம் ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: அவருக்கு இப்போது என்ன தெரியும், படித்து முடித்ததும் அவரால் என்ன செய்ய முடிய வேண்டும். இரண்டாவது வரியை எழுத முடியவில்லை என்றால் கட்டுரையை இன்னும் ஆரம்பிக்க வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி தன் முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை ஒருவர் மேசைமேல் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 முறை தட்டியதில் சரியாகச் சொல்லப்பட்டது மூன்றே முறை.

காரணம் எளிது. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரில் இருப்பவர் காதில் விழுவது வெறும் டொக் டொக். எழுதும்போதும் இதேதான் நடக்கிறது. உங்களுக்குத் தெரிந்த பின்னணி, சொல்லாமல் விட்ட படி, "இதுகூடவா தெரியாது" என்று நினைத்துத் தாண்டிய சொல், இவை எல்லாம் உங்கள் தலைக்குள் ஓடும் பாட்டு. காகிதத்தில் அந்தப் பாட்டு இல்லை.

எனக்கு இது உறைத்தது ஒரு மென்பொருளை நிறுவுவது பற்றிக் குறிப்பு எழுதியபோதுதான். கவனமாக, படி படியாக எழுதியிருந்தேன். ஆனாலும் படித்தவர்களில் பெரும்பாலானோர் மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டார்கள். "அமைப்புகளில் அனுமதியை மாற்றுங்கள்" என்று இருந்தது. எந்த அமைப்புகள், எங்கே இருக்கின்றன, எப்படிப் போவது, ஒன்றுமே சொல்லவில்லை. நான் தினமும் திறக்கும் பக்கம் என்பதால் அதை விளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அன்றிலிருந்து, தேர்ந்தெடுத்த அந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "அது எங்கே இருக்கு?" என்று கேட்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படி 2: எங்கே போகிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள்

1972-ல் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் ஒரு பத்தியைச் சிலருக்குப் படித்துக் காட்டினார்கள். பொருள்களைப் பிரித்துக் குவியல்களாக வைக்க வேண்டும், ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது, முடிந்ததும் மறுபடி அடுக்க வேண்டும் என்று போகும் அது. சொற்கள் எல்லாம் எளியவை, ஆனாலும் கேட்டவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "இது துணி துவைப்பதைப் பற்றியது" என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்களுக்கு மட்டும் நன்றாகப் புரிந்தது, நினைவிலும் நின்றது. பத்தியைக் கேட்டு முடித்த பிறகு தலைப்பைச் சொன்னபோது அது உதவவே இல்லை. நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது இந்தக் கடைசி விவரத்தைத்தான். பின்னால் வரும் விளக்கம் முன்னால் போன குழப்பத்தைச் சரிசெய்வதில்லை.

ஆகவே தலைப்பிலேயே விஷயம் இருக்கட்டும். "ஒரு முக்கிய அறிவிப்பு" என்பது தலைப்பே ஆகாது. "திங்கட்கிழமைக் கூட்டம் புதன்கிழமைக்கு மாறுகிறது" என்றால், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் வேலை முடிந்துவிடும்.

முதல் பத்தியிலும் அதே கவனம் வேண்டும். "மனிதன் தோன்றிய காலம் முதல்", "இன்றைய அவசர உலகில்" என்று ஆரம்பிக்கும் பத்திகளைப் பள்ளிக்கூடக் கட்டுரையில் பழகிவிட்டோம், அவற்றை விடுவது கொஞ்சம் கஷ்டம்தான். எளிதான வழி ஒன்று உண்டு. முதல் வரைவை எழுதி முடித்ததும் முதல் பத்தியை விரலால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் முதல் பத்தியை எடுத்துவிடலாம். எனக்குப் பாதி நேரம் இப்படித்தான் ஆகிறது.

படி 3: வாசகரின் கேள்வி வரிசையில் அடுக்குங்கள்

எழுதுபவருக்குத் தெரிந்துகொண்ட வரிசை ஒன்று இருக்கும், அதாவது முதலில் இதைப் படித்தேன், பிறகு இதைக் கண்டுபிடித்தேன் என்று. வாசகருக்கு அந்த வரிசை தேவையில்லை. அவர் ஒவ்வொரு பத்தியையும் முடித்ததும் மனத்துக்குள் ஒரு கேள்வி கேட்கிறார், அடுத்த பத்தி அதற்குப் பதில் சொன்னால் தொடர்ந்து படிக்கிறார். "வாசகரைக் கட்டிப்போடுவது" என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் பெரும்பகுதி இதுதான்.

செய்து பார்க்க எளிய முறை: வரைவின் ஓரத்தில், ஒவ்வொரு பத்திக்கும் நேராக, அதைப் படித்ததும் அந்த ஒருவர் கேட்கக் கூடிய கேள்வியை எழுதுங்கள். "சரி, ஏன்?" "எவ்வளவு நேரம் ஆகும்?" "எனக்கு இது பொருந்துமா?" "தப்பாகிவிட்டால்?" அப்புறம் அடுத்த பத்தியைப் பாருங்கள். கேள்வி ஒன்றாகவும் பத்தி வேறாகவும் இருந்தால் அந்த இடத்தில்தான் வாசகர் எழுந்து போகிறார். சில சமயம் பத்திகளை இடம் மாற்றினாலே போதும், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

படி 4: முதல் வரைவை வாயால் எழுதுங்கள்

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. பேனாவை எடுத்ததும் நாம் வேறு ஆளாகிவிடுகிறோம். நேரில் "கதவு திறக்கல, அதான் லேட்டு" என்று சொல்லக் கூடியவர், எழுத உட்கார்ந்ததும் "கதவைத் திறப்பதில் ஏற்பட்ட சிரமத்தின் காரணமாகக் காலதாமதம் ஏற்பட்டது" என்கிறார்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல மருந்து, எழுதுவதற்கு முன் பேசிவிடுவது. அந்த ஒருவர் எதிரில் இருப்பதாக நினைத்து விஷயத்தை முழுசாகச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள். விகுதிகளை மட்டும் எழுத்து வழக்குக்கு மாற்றினால் போதும்: "திறக்கல" என்பது "திறக்கவில்லை" ஆகட்டும், "பண்ணீட்டு" என்பது "பண்ணிவிட்டு" ஆகட்டும். ஆனால் சொற்களின் வரிசையையும் வாக்கியத்தின் நீளத்தையும் கூடியவரை தொடாதீர்கள். பேசும்போது மூச்சு வாங்க வேண்டும், அதனால் வாக்கியங்கள் தானாகவே அளவாக வரும். எதிரில் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பால் வரிசையும் சரியாக வரும். மிச்சமிருக்கும் குறைகளைத் திருத்திக்கொள்ளலாம்.

முதல் வரைவை எழுதும்போதே திருத்தாதீர்கள், இரண்டும் வேறு வேறு வேலைகள்.

படி 5: வாக்கியங்களைப் பிரித்து மேயுங்கள்

நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிடலாம். ஆரம்பத்தில் பார்த்த நூலக வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் வினை எது? நிராகரித்தது. யார்? நிர்வாகம். எதை? கூடுதல் நேரத்தை. இந்த மூன்றையும் ஒரு சின்ன வாக்கியமாக முதலில் வைத்துவிட்டு, மற்றதைப் பின்னால் சொல்லலாம்:

"நூலக வாசிப்பு அறையை மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க நிர்வாகம் மறுத்துவிட்டது. ஊழியர்களின் பணி நேரம் அதற்கு இடம் தரவில்லை. உறுப்பினர்கள் பலர் இதை எழுதிக் கேட்டிருந்தார்கள், போன வாரக் கூட்டத்திலும் பேசினார்கள்."

ஒரு தகவலும் போகவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் வாசகர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததற்கு வருகிறார்.

இதற்காக எல்லா வாக்கியத்தையும் நறுக்கிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "உள்ளே போய், விளக்கைப் போட்டு, அலமாரியைத் திறந்து, கோப்பை எடுத்து வந்தார்" என்பதில் நான்கு செயல்கள் இருந்தும் யாருக்கும் சிரமம் இல்லை. செய்பவர் ஒருவரே, செயல்களும் நடந்த வரிசையிலேயே வருகின்றன, வினையெச்சங்களை இப்படிக் கோத்துக் கேட்பது நம் காதுக்குப் பழக்கம். சிக்கல் வருவது பெயரெச்சங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது. "பேசப்பட்ட", "தெரிவித்திருந்த", "என்ற" என்று வந்தால் எந்தப் பெயருக்காக இவை எல்லாம் காத்திருக்கின்றன என்று வாசகருக்குத் தெரியாது. ஒரு பெயருக்கு முன்னால் ஒரு பெயரெச்சம் போதும், இரண்டாவது வந்தால் அதைத் தனி வாக்கியமாக்க முடியுமா என்று பாருங்கள். வெறும் குட்டி வாக்கியங்களாகவே எழுதினாலும் கல் தடுக்குவதுபோல் இருக்கும், நீளமும் குறுகலும் கலந்து வரட்டும்.

அடுத்தது, ஒரு சொல் எதோடு ஒட்டுகிறது என்ற குழப்பம். "நேற்று வந்த நண்பரின் கடிதம்" என்கிறோம். நேற்று வந்தது நண்பரா, கடிதமா? "பழைய மாணவர்களின் புத்தகங்கள்" என்றால் பழையவர்கள் மாணவர்களா, பழையவை புத்தகங்களா? எழுதியவருக்குச் சந்தேகமே வராது, அவருக்குத்தான் விஷயம் தெரியுமே. "நண்பர் எழுதிய கடிதம் நேற்று வந்தது", "மாணவர்களின் பழைய புத்தகங்கள்" என்று அடைசொல்லைச் சேர வேண்டிய சொல்லுக்கு முன்னால் ஒட்டி வையுங்கள்.

அவர், அது, இது என்ற சுட்டுச் சொற்களையும் சந்தேகப்படுங்கள். "மேலாளர் ஊழியரிடம் அவருடைய கணக்கில் தவறு இருப்பதாகச் சொன்னார்." யாருடைய கணக்கு? தமிழில் இதற்கு அழகான வசதி இருக்கிறது: மேலாளருடைய கணக்கு என்றால் "தன் கணக்கில்" என்று எழுதிவிடலாம், அது எழுவாயைத்தான் குறிக்கும். ஊழியருடைய கணக்கு என்றால் வெட்கப்படாமல் "ஊழியரின் கணக்கில்" என்று பெயரைத் திரும்ப எழுதுங்கள். ஒரு பத்தி "இது" என்று தொடங்கினால், முந்தைய பத்தியில் அந்த "இது" எந்தச் சொல் என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

அப்புறம் செயப்பாட்டுவினை. "தொகை தவறாகக் கணக்கிடப்பட்டுவிட்டது" என்று படித்ததும் யார் கணக்கிட்டது என்ற கேள்வி எழுகிறது, பதில் இல்லை. தமிழ் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும் இயல்புடையது. "கணக்கிட்டேன்" என்றால் நான், "கணக்கிட்டார்கள்" என்றால் அவர்கள். "பட்டது" போட்டதும் அந்த வசதி போய்விடுகிறது. செய்தவர் யார் என்பது உண்மையாகவே முக்கியம் இல்லாத இடத்தில், அல்லது தெரியாத இடத்தில் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வினையை ஊதிப் பெரிதாக்கும் பழக்கமும் இதன் உறவுதான். ஆய்வு மேற்கொண்டார், ஆலோசனை நடத்தினார், வருகை புரிந்தார், பரிசோதனைக்கு உட்படுத்தினார். ஆராய்ந்தார், ஆலோசித்தார், வந்தார், சோதித்தார் என்றால் என்ன குறைந்துவிடும்? "மேற்கொள்", "ஏற்படு", "உட்படுத்து" ஆகிய மூன்றையும் உங்கள் வரைவில் தேடிப் பாருங்கள், தேடிய பிறகு பெரும்பாலானவற்றை நீங்களே எடுத்துவிடுவீர்கள். "இக்கருவியானது" என்பதில் இருக்கும் "ஆனது"வும் அப்படித்தான், "இந்தக் கருவி" என்றாலே போதும்.

கடைசியாக, எதிர்மறை. தமிழில் "இல்லை", "கூடாது" எல்லாம் வாக்கியத்தின் இறுதியில் வந்து முழுப் பொருளையும் புரட்டிப்போடும். "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் தண்ணீருடன் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது." எது கூடாது? சாப்பாட்டுக்கு முன் எடுப்பதா, தண்ணீருடன் எடுப்பதா, மாத்திரையையே எடுப்பதா? "சாப்பிட்ட பிறகே இந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருடன் விழுங்கலாம்." உடல்நலம், பணம், பாதுகாப்பு பற்றி எழுதும்போது எதிர்மறையை நேர்மறையாக மாற்ற முடியுமா என்று கட்டாயம் பாருங்கள், இங்கே தவறாகப் புரிந்துகொண்டால் வாசகருக்கு உண்மையான பாதிப்பு வரும்.

படி 6: ஒரு பொருளுக்கு ஒரே பெயர்

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் அழகில்லை என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கதைக்கு அது பொருந்தலாம். விளக்கி எழுதும் இடத்தில் அது பெரிய தீங்கு. ஒரே வழிகாட்டியில் "பயனர்", "பயன்படுத்துவோர்", "வாடிக்கையாளர்", "உறுப்பினர்" என்று நான்கு பெயர்கள் வந்தால், நான்கும் ஒருவரா நான்கு பேரா என்று வாசகர் யோசிக்கத்தான் செய்வார். முதல் தடவை எந்தப் பெயரோ, கடைசிவரை அதே பெயர்.

தமிழ்ச் சொல்லா, பழகிய பிறமொழிச் சொல்லா என்ற விவாதம் முடிவில்லாதது. எனக்கு அளவுகோல் அந்த ஒருவர்தான். கணினி, மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் நன்றாக வேரூன்றிவிட்டன, தயங்காமல் எழுதலாம். அவருக்குப் பழக்கமில்லாத கலைச்சொல் தவிர்க்க முடியாதது என்றால், அது முதலில் வரும் இடத்திலேயே ஒரு வரியில் விளக்கிவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். வாசகர் பொருளை ஊகிக்க வேண்டிய புதுச் சொல்லாக்கத்தை, மொழிப்பற்றால்கூட, விளக்கமில்லாமல் அவர் தலையில் வைக்காதீர்கள். தமிழை நேசிப்பவர்கள் தமிழில் படிப்பதை எளிதாக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படி 7: கண்ணால் பார்க்கக் கூடியதைக் கொடுங்கள்

"கணிசமான முன்னேற்றம்", "பல்வேறு காரணங்கள்", "குறிப்பிடத்தக்க அளவு" ஆகியவை தகவல்போல் தெரியும், ஆனால் கையில் ஒன்றும் நிற்காது. "முன்பு 40 நிமிடம் ஆன வேலை இப்போது 15 நிமிடத்தில் முடிகிறது" என்றால் வாசகர் தானே "பரவாயில்லையே" என்று சொல்லிக்கொள்வார். எண் கொடுக்கும்போது ஒப்பிட இன்னொரு எண்ணையும் கொடுங்கள், தனியாக நிற்கும் எண் பெரிதா சிறிதா என்று யாருக்குத் தெரியும்?

உதாரணத்தை எப்போதும் விதிக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் கடினமான விஷயம் என்றால் உதாரணத்தை முதலில் காட்டி, வாசகருக்கு லேசாகப் பிடிபட்டதும் விதியைச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. நூலக வாக்கியத்தை நான் முதலில் வைத்ததற்கு அதுதான் காரணம்.

படி 8: செய்முறை எழுதினால் வரிசை உயிர்

"'அழி' பொத்தானை அழுத்துங்கள். அதற்கு முன் கோப்பின் நகலை வேறு இடத்தில் சேமித்திருக்க வேண்டும்." முதல் வாக்கியத்தைப் படித்ததும் விரல் அழுத்திவிடும். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வர வேண்டும், அதேபோல நிபந்தனையும். "பழைய வகைக் கருவி என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்" என்பதைப் படியின் கடைசியில் எழுதினால், தாண்டியிருக்க வேண்டியவர் அதற்குள் செய்து முடித்திருப்பார். தேவையான பொருள்களை எல்லாம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு படியில் ஒரு செயல் இருக்கட்டும். அதைச் சரியாகச் செய்தால் திரையில், கையில், கண்முன் என்ன தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "இப்போது பச்சை விளக்கு எரியும்" என்ற ஒரு வரி, வாசகருக்கு எவ்வளவு தைரியம் கொடுக்கும் தெரியுமா!

படி 9: பக்கத்தின் தோற்றம், புள்ளி, சந்தி

1997-ல் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட இணைய வாசிப்பு ஆய்வில், பங்கேற்றவர்களில் 79 சதவீதம் பேர் புதுப் பக்கம் எதைப் பார்த்தாலும் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினார்கள், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். இதற்காக வாசகர்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை, தனக்கு வேண்டியது இங்கே இருக்கிறதா என்று தேடுகிறார், அவ்வளவுதான். துணைத்தலைப்புகள் அந்தத் தேடலுக்கு உதவ வேண்டும். "மேலும் சில குறிப்புகள்" என்ற துணைத்தலைப்பால் யாருக்கும் பயனில்லை.

தமிழ்ச் சொற்கள் விகுதிகள் சேர்ந்து நீளமாக இருப்பவை. போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் நிற்கும், கணினியில் அளவாகத் தெரிந்த பத்தி அங்கே ஒரு முழுத் திரையை அடைத்துவிடும். அனுப்புவதற்கு முன் போனில் ஒருமுறை பாருங்கள்.

சந்தியைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள், ஒற்றெழுத்து விடுபட்டாலே கட்டுரை கெட்டுவிடும் என்று. பெரும்பாலான இடங்களில் வாசகருக்குப் பொருள் புரிந்துவிடும். ஆனால் பொருளே மாறும் இடங்களில் கவனம் தேவை. "வேலை தேடினான்" என்றால் பணி, "வேலைத் தேடினான்" என்றால் வேல் என்ற ஆயுதம். "தந்த பலகை" என்றால் கொடுத்த பலகை, "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. காற்புள்ளிக்கு எளிய வழி, வாய்விட்டுப் படிக்கும்போது நிற்கும் இடம். வாய்விட்டுப் படிக்கையில் மூச்சுத் திணறினால் அங்கே காற்புள்ளி போதாது, முற்றுப்புள்ளி வேண்டும்.

படி 10: ஒரு நாள் விட்டு வெட்டுங்கள்

எழுதிய சூட்டோடு திருத்தினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, பாட்டு இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு இரவாவது போகட்டும். திருத்த உட்காரும்போது, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் என்ற இலக்கண நூல், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைப் பட்டியலிட்டிருக்கிறதே, அதை நான் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். தேவையானதைவிடக் குறைத்துச் சொல்வது குன்றக் கூறல், கூட்டிச் சொல்வது மிகைபடக் கூறல். சொன்னதையே சொல்வது கூறியது கூறல். பொருள் இதுவா அதுவா என்று குழம்ப வைப்பது மயங்க வைத்தல், அந்த நண்பரின் கடிதம்போல. எடுத்த விஷயத்தை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது மற்றொன்று விரித்தல். நல்ல வேகத்தில் ஆரம்பித்து, போகப் போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிவது சென்று தேய்ந்து இறுதல், நீண்ட கட்டுரைகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் ஒன்றுகூடப் பழசாகவில்லை.

வெட்டும்போது மனம் வலிப்பது "மற்றொன்று விரித்தல்" வந்த இடங்களில்தான், பெரும்பாலும் நாம் ரசித்து எழுதிய பகுதியாக அதுதான் இருக்கும். தனிக் கோப்பில் போட்டு வையுங்கள், வேறொரு கட்டுரைக்கு ஆகும். வெட்டுவது எளிதாகிவிடும்.

படி 11: ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கும், உங்கள்மேல் அன்பு இருந்தால் தயக்கம் இன்னும் கூடும். அதற்குப் பதில், படித்து முடித்தவரிடம் "இதில் என்ன இருக்கு, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். செய்முறை என்றால் அவர் கையாலேயே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் தடுமாறும்போது வாய் துறுதுறுக்கும், உதவக் கூடாது. கண் எந்த வரியிலிருந்து மேலே திரும்பிப் போகிறது, எங்கே கை நிற்கிறது, எந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேரிடம் இப்படிப் பார்த்தாலே பெரிய ஓட்டைகள் எல்லாம் தெரிந்துவிடும்.

அவர்கள் தவறாகச் சொன்னால் விளக்க ஆரம்பிக்காதீர்கள். எந்த வாக்கியத்தைப் படித்து அப்படி நினைத்தார்கள் என்று கேட்டு அந்த வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள். வெளியிட்ட பிறகு வரும் கேள்விகளுக்கும் இதே முறைதான். ஒருவர் கேட்டால் பதில் சொல்லுங்கள், அதே கேள்வியை இரண்டாவது ஆளும் கேட்டால், பதில் சொன்ன கையோடு கட்டுரையைத் திறந்து அந்தப் பதிலை உரிய பத்தியில், கேள்வி எழுந்த வரிக்கு அடுத்த வரியாகச் சேர்த்துவிடுங்கள்.